மூலையில் படுத்திருந்த டம்ளர்

எங்கள் பட்டறையின் சோதனை அறையில் பதினான்கு வருடம் என் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் சோப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைப் படித்துக் கூப்பிட்டால் அவரே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், முன்னால் சோப்பு விற்றுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் ஒரு நாளும் சோப்பு விற்றதில்லை. செதுக்கினார்.

நான் அந்தப் பட்டறையின் டிராயிங் அலமாரிக்குப் பொறுப்பானவன். வாடிக்கையாளர்கள் அனுப்பும் வரைபடத் தாள்களை வாங்கி, எண் போட்டு, அடுக்கி, எந்த மெஷினுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. சோப்பக்காவின் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமைப்படுகிற பங்கு இல்லை. இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் வீட்டுக்குள் நடந்ததெல்லாம் பிற்பாடு அவரும் அவர் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றிச் சொல்லி எனக்குத் தெரிந்தவை.

வீட்டுக்காரர் எங்கள் பட்டறையில் மில்லிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அகன்ற தோள், மெல்லிய பேச்சு. இரும்பைக் கடிக்கும் வெட்டுளியின் சத்தத்தை வைத்தே, முனை மழுங்கிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். கை அவ்வளவு சுத்தம். அவர் செய்து வைத்த துண்டை எடுத்துத் தடவிப் பார்ப்பதற்கென்றே சிலர் அந்தப் பக்கம் போவார்கள். ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்கு டிராயிங் படிக்க வராது.

எழுத்தும் எண்ணும் நன்றாகவே தெரியும். தாளில் உள்ள அளவுகளை ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பிப்பார். ஆனால் ஒரு பொருளை முன்னாலிருந்து பார்த்து ஒரு படம், மேலேயிருந்து பார்த்து ஒரு படம், பக்கவாட்டில் நின்று பார்த்து ஒரு படம் என்று மூன்றாக வரைந்திருப்பார்கள் அல்லவா, அந்த மூன்றும் சேர்ந்து மனசுக்குள் ஒரு உருவமாக எழுந்து நிற்க வேண்டும். அவருக்கு அது எழுந்ததே இல்லை. மூன்று படங்களும் மூன்று அந்நியர்களைப் போல தாளில் தனித்தனியாகவே நின்றன. ஆரம்பத்தில் வந்த வேலைகளுக்கெல்லாம் மாதிரித் துண்டு ஒன்று கூடவே வரும். அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து வேலையை முடித்துவிடுவார். பிறகு மாதிரி அனுப்பும் வழக்கம் நின்றுபோய், வெறும் தாள் மட்டும் வர ஆரம்பித்தது.

அவர் என்னிடம் வந்து, "இதுல ஒரு காப்பி எடுத்துக் குடுங்களேன். வீட்ல நிதானமா பாத்துக்கறேன்" என்று கேட்பார். எடுத்துக் கொடுப்பேன். எவ்வளவு அக்கறையான மனுஷர் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அப்படி ஒரு தாளை ஜன்னலோரத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, தலையைச் சொறிந்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறார். மனைவி அப்போது ஒரு சீருடை தைக்கும் இடத்தில் துணி வெட்டும் வேலையில் இருந்தார். தட்டையாகக் கிடக்கும் துணியில் சாக்கட்டியால் கோடு போட்டு, அது ஒரு தோளாகவும் கழுத்தாகவும் எப்படி எழும்பும் என்று பார்ப்பது அவருக்குத் தினப்படி வேலை. சேர்ந்த முதல் வாரத்தில் பதினாறு சட்டைக்கும் இடது கையாகவே வெட்டித் தள்ளி, மேற்பார்வைக்காரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அதற்குப் பிறகு வலது இடது விஷயத்தில் அவர் கத்தரி தவறியதில்லை.

"காலையிலேர்ந்து அதையே முறைச்சுக்கிட்டு இருக்கீங்களே, அது உங்களுக்கு என்ன பண்ணுச்சு?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஒண்ணுமில்ல. போ."

"இது முன்னாடி இருந்து பாத்தது. சரியா? கீழ இருக்கறது மேலேர்ந்து பாத்த மாதிரி இருக்கே. மேல பாத்ததை எதுக்குக் கீழ வரைஞ்சிருக்காங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பயிற்சியில் மனப்பாடம் செய்திருந்ததை அப்படியே ஒப்பித்தார். "எங்க ஷாப்புல அதான் முறை. மேலேர்ந்து பாத்தா கீழ போடணும். இடது பக்கம் நின்னு பாத்தா வலது பக்கம் போடணும். ஏன்னெல்லாம் கேக்காத."

மனைவி ஏன் என்று கேட்கவில்லை. ஜன்னலிலிருந்து வெயில் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர்ச் செம்பை எடுத்து வெயிலில் வைத்தார். நிழல் அந்தப் பக்கச் சுவரில் விழுந்தது. "அப்போ நிழல் மாதிரி. நாம இந்தப் பக்கம் நின்னு பாக்கறோம், உருவம் அந்தப் பக்கச் சுவத்துல போய் ஒட்டுது. அவ்வளவுதானே?"

அவருக்கு அது புரிந்ததா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. மனைவி அடுப்படியிலிருந்து சின்னக் கத்தியும், துணி துவைக்கிற சோப்புக் கட்டி ஒன்றும் எடுத்து வந்தார். தாளை ஒரு கண்ணால் பார்த்தபடி, கேரட் சீவுவதுபோலச் சீவினார். இந்தப் பக்கம் ஒரு படி, நடுவில் ஒரு பள்ளம், ஓரத்தில் ஒரு சரிவு, ஹேர்பின்னால் குத்தி இரண்டு ஓட்டை. கால் மணி நேரத்தில் பொருள் அவர் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவா இது?" என்று மட்டும் கேட்டாராம்.

அன்று தொடங்கி ஆறு வருடம், அவர் சாப்பாட்டு டப்பாவின் கீழ்த் தட்டில் சோப்பு வந்தது. மெஷின் பக்கத்தில் கருவிப் பெட்டியைத் திறந்து வைத்து, கைக்குட்டைக்கு அடியில் இருப்பதை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வேலை செய்வார். யாரும் கவனித்ததில்லை. வேலை முடிந்த சோப்பு வீட்டுக்குத் திரும்பிப்போய்த் துணி துவைக்கும். அவர்களோடு இருந்தவர் வீட்டுக்காரரின் அக்கா. தபால் பிரிக்கும் இடத்தில் வேலை பார்த்தவர். ஒரு விஷயத்தையும் சும்மா விடமாட்டார். "மத்த வீட்ல சோப்பு தேயும். நம்ம வீட்ல சோப்புல படிக்கட்டு முளைக்குது. குளிக்கப் போனா முழங்கையைக் கிழிக்குது" என்று குளியலறையிலிருந்தே குரல் கொடுப்பார்.

"அது என்னோட வேலைக்கு, அக்கா."

"உன் வேலைக்குன்னா அவ ஏன்டா செதுக்கறா?"

மனைவிதான் குறுக்கே வந்து, "அவரு கைக்கு இரும்புதான் அண்ணி படியும். சோப்பு வழுக்கும்" என்று பேச்சை மாற்றுவார்.

பட்டறையில் அவர் பேர் ஏறிக்கொண்டே போனது. மாதிரி இல்லாத சிக்கலான வேலை வந்தால், "அவருகிட்ட குடுங்க, வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிச்சிட்டு வருவாரு" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. ஃபோர்மேனே அப்படிச் சொன்னார். ஃபோர்மேனுக்கு நாங்கள் வைத்த பெயர் மைக்ரோமீட்டர். சட்டைப் பையில் எப்போதும் அந்த அளவுக் கருவி இருக்கும். பேச்சையும் அதேபோல அளந்துதான் விடுவார். அவர் வாயால் ஒருவரைப் பாராட்டினால் அது ஒரு மாதத்துக்குப் பேசுபொருள்.

அப்படியிருக்கும்போது ஒரு புது வாடிக்கையாளரிடமிருந்து ஆர்டர் வந்தது. மருத்துவமனைக் கட்டிலில், நோயாளி உருண்டு விழாமல் இருக்க ஏற்றி இறக்கும் பக்கக் கம்பி இருக்குமே, அதைப் பிடித்துக்கொள்ளும் பிராக்கெட். எண்பது எண்ணிக்கை. ஒரு தட்டு, அதன் ஓரத்திலிருந்து மடங்கிப் போகும் ஒரு கை, கையின் மேல் முனையில் ஒரு பள்ளம். பார்க்க எளிதான துண்டு. வழக்கம்போல என்னிடம் காப்பி கேட்டார், கொடுத்தேன். சோப்பு வந்தது. எண்பதும் முடிந்து, சோதனையில் ஒவ்வொன்றாக அளந்தார்கள். எல்லா அளவும் நூல் பிசகாமல் இருந்தது. பெட்டியில் அடுக்கி அனுப்பினோம்.

மூன்றாவது வாரம் பெட்டி அப்படியே திரும்பி வந்தது. கூட ஒரு கடிதம். அளவுகள் மிகத் துல்லியம், வேலைத்தரம் அருமை, ஆனால் நீங்கள் செய்து அனுப்பியது எங்கள் பொருளைக் கண்ணாடியில் பார்த்தால் தெரிகிற உருவம் என்று எழுதியிருந்தார்கள். அதாவது, வலது காலுக்குச் செருப்புக் கேட்டவனுக்கு எண்பது இடது கால் செருப்பு போயிருக்கிறது. எங்கள் பிராக்கெட்டை மாட்டினால் கம்பி வெளியே இறங்குவதற்குப் பதில் நோயாளியின் மேலேயே வந்து விழும்.

பட்டறையில் முதலில் எல்லோரும் வாடிக்கையாளரைத்தான் திட்டினார்கள். டிராயிங்கே தப்பு என்று ஒருவர், அவர்கள்தான் தலைகீழாக மாட்டியிருப்பார்கள் என்று ஒருவர். வீட்டுக்காரர் ஒரு பிராக்கெட்டையும் தாளையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மனைவி இரண்டையும் வாங்கி ஜன்னலோரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தன் சோப்பைத் தேடிப் பார்த்தார். அது எப்போதோ கரைந்துபோயிருந்தது. தாளை மட்டும் பார்த்தார். மூன்று படங்கள். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, வலதில் ஒன்று. எல்லாம் பழகின மாதிரிதான் இருந்தன. பிறகு கண் மெல்ல இறங்கித் தாளின் வலது கீழ் மூலைக்குப் போனது. அங்கே பெயரும் தேதியும் எழுதும் கட்டத்துக்குள் ஒரு சின்னப் படம் இருக்கும். டம்ளரைப் படுக்கவைத்து வரைந்ததுபோல ஒன்று. பக்கத்தில் வட்டத்துக்குள் வட்டம். ஆறு வருடமாக ஒவ்வொரு தாளிலும் அவர் அதைப் பார்த்திருக்கிறார். பட்டறையின் முத்திரை என்று நினைத்திருந்தார்.

இந்தத் தாளில் வட்டங்கள் இடம் மாறியிருந்தன.

பழைய காப்பி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் டம்ளரின் அடிப்பாகம் இடது பக்கம், அகலமான வாய் வலது பக்கம். பழைய தாளில் வட்டங்கள் வாய்ப் பக்கம் நின்றன. புதியதில் அடிப்பக்கம் நின்றன. அடுப்படிக்குப் போய் உண்மையிலேயே ஒரு டம்ளரை எடுத்து வந்து படுக்க வைத்தார். அடிப்பக்கமாகக் குனிந்து பார்த்தார். சின்ன வட்டம், அதைச் சுற்றிப் பெரிய வட்டம். ஆக, வட்டங்கள் என்பவை இடது பக்கம் நின்று பார்த்தால் தெரிகிறவை. பழைய தாள், இடது பக்கம் பார்த்ததைக் கொண்டுபோய் வலது பக்கம் வைக்கிறது. நிழல் மாதிரி. புதிய தாள், இடது பக்கம் பார்த்ததை இடது பக்கமே வைக்கிறது. நமக்கும் பொருளுக்கும் நடுவில் ஒரு கண்ணாடியைப் பிடித்து, தெரிவதை அதன்மேலேயே வரைந்துகொண்ட மாதிரி.

உலகத்தில் இரண்டு முறை இருக்கிறது, எந்த முறையில் வரைந்தோம் என்று சொல்லத்தான் அந்த டம்ளர் என்பது அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது. மேலே போட்டிருந்த படத்தை அவர் அடியிலிருந்து பார்த்தது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். வலதில் போட்டிருந்ததை இடது பக்கத் தோற்றம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். பின்னால் போக வேண்டிய கை, சோப்பில் முன்னால் வந்துவிட்டது. அந்தத் துண்டில் முன்னா பின்னா என்று காட்டிக்கொடுக்கிற கோடு வேறு எதுவும் இல்லை.

"என் தப்புங்க" என்றார்.

"உன் தப்பு எப்படி ஆகும்? மெஷின் ஓட்டினது நான்."

"நான் செதுக்கினதைத்தானே பாத்து ஓட்டினீங்க."

வீட்டுக்காரர் டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தார். "இது வெளிய தெரிய வேணாம். நான் பாத்துக்கறேன்."

"என்னத்தைப் பாத்துக்குவீங்க?"

"தெரியல" என்றார் அவர், உண்மையாகவே.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஃபோர்மேன் தன் கேபினுக்கு வீட்டுக்காரரையும் என்னையும் கூப்பிட்டார். லேத் மெஷின்காரர் ஏதோ கையெழுத்துக்காக ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். இங்கேதான் என் பங்கு வருகிறது.

என் மேசை இழுப்பறையில் ஒரு ரப்பர் முத்திரை உண்டு. வழக்கமான முறைக்கு மாறாக, அந்த இன்னொரு முறையில் வரைந்த தாள் வந்தால், சிவப்பு மையில் 'கவனிக்க: தேர்டு ஆங்கிள்' என்று அடித்துத்தான் வெளியே கொடுக்க வேண்டும். எங்களுக்கு வருவதெல்லாம் ஃபர்ஸ்ட் ஆங்கிள் தாள்களே. அந்த முத்திரையை நான் எடுத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. மைப்பட்டை காய்ந்து வறட்டி மாதிரி ஆகியிருந்தது. அந்தத் தாளின் மூலையை நான் பார்க்கவே இல்லை. எண் போட்டேன், அடுக்கினேன், கொடுத்தேன்.

ஃபோர்மேன் தாளை மேசையில் வைத்து, மூலையில் விரலை வைத்தார். "இது என்ன?"

குனிந்து பார்த்தேன். வட்டங்கள் டம்ளரின் அடிப்பக்கம் நின்றன.

"முத்திரை எங்கே?"

"அடிக்கல, சார்."

"முத்திரை இருந்திருந்தா இவரு சரியாப் பண்ணியிருப்பாரு. இவ்வளவு வருஷத்துல ஒரு துண்டு தப்பினதில்ல இவருக்கு." பிறகு என்னைப் பார்த்து, "நாளையிலேர்ந்து அலமாரிச் சாவி உங்ககிட்ட வேணாம். ஸ்டோர்ல இரும்பு எடை போடப் போங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்துவதே இல்லை.

தப்பு நான் செய்ததுதான். அப்போது வீட்டுக்காரர் பேசினார். ரொம்ப மெதுவாக.

"சார், முத்திரை இருந்திருந்தாலும் நான் தப்பாத்தான் பண்ணியிருப்பேன்."

ஃபோர்மேன் நிமிர்ந்தார்.

"எனக்கு டிராயிங் படிக்க வராது சார். என்னிக்குமே வந்ததில்ல. என் வீட்ல படிச்சு, சோப்புல செதுக்கித் தருவாங்க. நான் அதைப் பாத்துப் பண்ணுவேன். இந்த மூலையில இருக்கறதை அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. நேத்து அவங்களாவே கண்டுபிடிச்சாங்க."

லேத்காரர் சிரிக்க ஆரம்பித்து, யாரும் சேர்ந்து சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். கேபினுக்கு வெளியே ஏதோ ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஃபோர்மேன் சட்டைப் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து, எதையும் அளக்காமல், திருகித் திறந்து மறுபடி மூடினார்.

"ஆறு வருஷமாவா?"

"ஆமா சார்."

"நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் சனிக்கிழமை. துணி வெட்டும் இடத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவர் வந்தார். வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரும்புத் தூள் செருப்பில் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார். கேபினுக்குள் நுழைந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "தப்பு என்னோடது. ஃபைல் பாக்கறவரை ஒண்ணும் சொல்லாதீங்க. சிவப்புல என்ன அடிச்சிருந்தாலும் எனக்கு அதோட அர்த்தம் தெரிஞ்சிருக்காது" என்பதுதான். அதுவரை அவர் என்னைப் பார்த்ததுகூட இல்லை.

ஃபோர்மேன் மூன்று தாள்களை எடுத்து மேசையில் போட்டார். "இதைச் செதுக்குங்க."

"சோப்பு கொண்டுவரலையே."

கை கழுவும் தொட்டியிலிருந்து யாரோ ஒரு சோப்புக் கட்டியை எடுத்து வந்தார்கள். கிரீஸ் கறையும் மணலுமாக இருந்தது. அதையே மூன்று துண்டாக அறுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் கேபின் கண்ணாடிக்கு வெளியே ஒவ்வொருவராக வந்து நிற்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர் மட்டும் வரவில்லை. தன் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

உள்ளே மனைவி முதல் தாளை எடுத்ததும் மூலையைப் பார்த்தார். "வாய்ப் பக்கம். சரி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு செதுக்கினார். சரியாக வந்தது. மூன்றாவது தாள் அந்த இன்னொரு முறையில் வரைந்தது. "அடிப்பக்கம்" என்றார். அதுவும் சரியாக வந்தது. இரண்டாவது தாளைத்தான் செதுக்காமல் தள்ளி வைத்திருந்தார்.

"அதை ஏன் விட்டீங்க?"

"இதுல டம்ளரே இல்லீங்களே. எந்தப் பக்கம் நின்னு பாத்து வரைஞ்சாருன்னு யாரு சொல்லுவா? நான் ஒண்ணு நினைச்சுக்கிட்டு செதுக்கினா, அவரு ஒண்ணு நினைச்சிருப்பாரு. வரைஞ்சவரைக் கூப்பிடுங்க, கேட்டுக்கறேன்."

கண்ணாடிக்கு வெளியே நின்றவர்களில் பாதிப்பேர் தரையைப் பார்த்தார்கள். அந்தத் தாளை வரைந்தவர் ஃபோர்மேன்.

அவர் முகம் மாறவில்லை. பேனாவைத் திறந்தார், தாளைத் தன் பக்கம் திருப்பினார், மூலையில் டம்ளரையும் வட்டங்களையும் வரைந்தார், திருப்பிக் கொடுத்தார். "இப்போ செதுக்குங்க" என்றார்.

அலமாரிச் சாவி என்னிடமே இருந்தது. அன்று மாலை கடைக்குப் போய் என் சொந்தச் செலவில் புது மைப்பட்டை வாங்கினேன். அந்த எண்பது பிராக்கெட்டும் பழைய இரும்போடு போயின. கட்டிலுக்கு மறுபக்கம் ஒன்று வேண்டுமே, அதற்கு இவை ஆகாதா என்று நாங்கள் கேட்டுப் பார்த்தோம். மறுபக்கத்துக்கு வேறொரு பட்டறையில் ஏற்கெனவே செய்து வாங்கிவிட்டார்களாம். புதிதாக எண்பது செய்து அனுப்பினோம். வீட்டுக்காரர்தான் செய்தார்.

அவருக்கு அந்த இரண்டு மூன்று வாரங்கள் கஷ்டமாக இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு உட்காராமல் மெஷினுக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டார். 'சோப்பு' என்று யாராவது எதற்காகச் சொன்னாலும் காது சிவந்துவிடும். ஒரு நாள் லேத்காரர் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கும் வராது."

"என்ன வராது?"

"படம். நான் நம்பரைத்தான் பாப்பேன். லேத்துல எல்லாம் உருட்டைதானே, தப்பிச்சுக்கிட்டேன். உன் மெஷின்ல என்னைப் போட்டிருந்தா முதல் வாரமே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் வீட்ல சொல்லி எனக்கு ஒரு நாலஞ்சு செதுக்கித் தரச் சொல்றியா?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் வாயிலிருந்த தண்ணீர் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தாராம். அடுத்த நாளிலிருந்து எங்களோடு உட்கார்ந்தார்.

மூன்று மாதம் கழித்துச் சோதனை அறையில் ஒரு இடம் காலியானது. ஃபோர்மேன் ஆள் அனுப்பி, சோப்பு செதுக்கியவரைக் கூப்பிட்டார். அவருக்குத் துணி வெட்டும் வேலையை விட மனமில்லை. அங்கே பழகின மனிதர்கள். ஒரு வாரம் யோசித்தார். நாத்தனார்தான், "போய்ச் சேரு. அங்கேயே செதுக்கிக்கோ. என் முழங்கை தப்பிக்கும்" என்று தள்ளிவிட்டார்.

வந்து சேர்ந்த இரண்டாம் நாளே அவர் மேசைக்கு வீட்டுக்காரர் செய்த துண்டு வந்தது. தாளைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், சிவப்புச் சீட்டு எழுதி ஒட்டினார். நான் பதறிப்போய், "அக்கா, அது உங்க வீட்டுக்காரரோடது" என்றேன்.

"தெரியும். பள்ளம் அரை நூல் ஆழம் கம்மி."

சற்று நேரத்தில் வீட்டுக்காரரே அந்தத் துண்டோடு வந்து வாசலில் நின்றார். "ஏம்மா, இதை வீட்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"வீட்ல நீங்க இதைக் காட்டலையே."

அவர் துண்டைப் புரட்டிப் பார்த்தார். "அரை நூல்தான்" என்றார். "ஆமா, அரை நூல்" என்றார் இவர். எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்து கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் வேலையைப் பற்றிப் பட்டறைக்குள் மட்டும்தான் பேசினார்கள். வீட்டில் நாத்தனாருக்கும் அதனால் நிம்மதி.

எங்கள் பட்டறையில் யாரும் ஆணையிடாமலே ஒரு பழக்கம் வந்தது. புதுத் தாள் வந்தால், முதலில் மூலை. அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். படம் படிக்க வராதவர்கள் கூச்சம் விட்டு சோதனை அறைக்கு வந்து கேட்டார்கள். ஒரு அட்டைப்பெட்டி நிறைய சோப்பு உருவங்கள் சேர்ந்தன. மழை நாளில் அறையே சலவைக் கடை மாதிரி மணக்கும்.

நாற்பத்தாறாவது வயதில் சோப்பக்கா வரைவாளர் தேர்வு எழுதினார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சோதனைச் சீட்டில் கையெழுத்துப் போடும்போது பதவி என்று ஒரு கட்டம் இருக்கும்; அதில் 'உதவி' என்றே எழுதிக்கொண்டிருப்பது அவருக்கு உறுத்தியது. எட்டு மாதம் படித்தார். கோடுகள் கத்தி மாதிரி விழுந்தன. எழுத்துதான் சண்டி பண்ணியது. டிராயிங்கில் எழுத்தெல்லாம் ஒரே உயரத்தில், அச்சில் வார்த்ததுபோல நிற்க வேண்டும். அவருடைய எழுத்து கொஞ்சம் பின்னால் சாய்ந்து, யாரோ தள்ளிவிட்டது போலவே இருக்கும்.

தேர்வு அன்று வீட்டுக்காரர் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனார். கூடத்துக்கு வெளியே மரத்தடிப் பெஞ்சில் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்துகொண்டார். உள்ளே கேள்வித்தாளைப் பிரித்ததும் இவர் கையைத் தூக்கினார்.

"என்னம்மா?"

"கடைசிக் கேள்வியில மூணு தோற்றத்தையும் வரையச் சொல்லியிருக்காங்க. எந்த முறையில வரையணும்னு போடலையே?"

மேற்பார்வையாளருக்குக் கேள்வியே புரியவில்லை. "கேட்டதை வரையுங்கம்மா, உக்காருங்க" என்றார்.

"உக்காந்துதான் இருக்கேன். ஃபர்ஸ்ட் ஆங்கிளா, தேர்டு ஆங்கிளா? கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

மேற்பார்வையாளர் தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். பத்து நிமிடம் கூடமே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கிசுகிசுத்தது. திரும்பி வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எந்த முறையில வேணாலும் வரையலாம். ஆனா எதுன்னு குறி போடணும். போடலைன்னா பாதி மார்க்குதானாம்" என்று அறிவித்தார். முன்வரிசையில் அவசரக்காரர் ஒருவர் அதற்குள் படத்தை முடித்துவிட்டுப் பென்சிலையும் தூக்கிப் போட்டிருந்தார். அதைத் தேடி மேசைக்கடியில் குனிந்தார்.

வெளியே வந்தபோது வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டை முடித்திருந்தார்.

"உள்ள என்ன சத்தம்? நான் பயந்துட்டேன்."

"ஒரு கேள்வி கேட்டேன்."

"கேள்வி அவங்கதானே கேக்கணும்?" என்றவர், மீதியை அவர் பக்கம் தள்ளினார். "எப்படி எழுதியிருக்க?"

"படம் சரி. எழுத்து கோணல்."

அப்படியேதான் ஆனது. ஆறு வாரம் கழித்து முடிவு வந்தபோது படத்துக்கு முழு மதிப்பெண்ணும், எழுத்துக்கு ஒப்புக்குச் சப்பாணியாகக் கொஞ்சமும் போட்டுத் தேற விட்டிருந்தார்கள்.

தேர்வு முடிந்த அன்று அவர்கள் அவசரமாக வீட்டுக்குக் கிளம்பவில்லை. மிச்சச் சாப்பாட்டை முடித்து, டப்பாவைக் குழாயில் கழுவிக்கொண்டு, நிறுத்தத்துக்கு நடந்தார்கள். முதல் பஸ் கூட்டமாக வந்தது, விட்டுவிட்டார்கள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் வீட்டுக்காரர் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாராம். "காலையிலேர்ந்து பெஞ்சுல உக்காந்திருந்ததுக்கே இந்தக் களைப்பு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். இறங்க வேண்டிய இடம் வந்தும் எழுப்ப மனம் வராமல், அடுத்த நிறுத்தத்தில் எழுப்பி இறங்கி, இருவரும் வந்த வழியே பின்னால் நடந்து வீடு சேர்ந்திருக்கிறார்கள்.